தையில் வெட்டிய லிலா

என் புருஷனுக்கு மல்லிகை வளர்க்கத் தெரியும். அதனால் உலகத்துப் பூச்செடியெல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டுத் தோட்டத்தில், வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா வடக்கிலிருந்து கொண்டுவந்து நட்ட லிலாச் செடி நிற்கிறது. ஏப்ரலில் மட்டும் ஊதாக் கொத்தாய்ப் பூத்து வீடெல்லாம் மணக்கும். சிஞ்ஞோரா மிலானில் மகளோடு இருந்த தை மாதம், எனக்கு உதவ வந்த என் புருஷன் சோதிலிங்கம் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்.

"தையிலை ஒட்ட வெட்டினாத்தான் சித்திரையிலை கொட்டும். மல்லிகைக்கு எங்கடை ஆக்கள் இப்பிடித்தானே செய்யிறவை," என்றார்.

லிலா போன வருடத்துக் கிளையில்தான் பூக்குமாம். பெப்ரவரியில் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் சொன்னார்; இந்த வருடம் பூ இல்லை.

ஏப்ரல் நடுவில், நேற்று, சிஞ்ஞோரா திரும்பி வந்தார். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கல். அடுத்த கிழமை மிலானில் ஒப்பரேசன். இந்த நாட்டில் தங்கும் அனுமதியான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அவர் கையெழுத்திட்ட வேலைப் பத்திரம் வேண்டும். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் தவணை ஒப்பரேசனுக்கு முன்பே, செவ்வாய்க்கிழமை.

"இன்னும் பூக்கேல்லை எண்டு சொல்லும். முதல்லை கையெழுத்தை வாங்கும்," என்றார் சோதிலிங்கம்.

இன்று காலை பத்திரத்தை மேசையில் வைத்தேன். சிஞ்ஞோரா பேனாவை எடுத்தார்.

"லிலா பூத்துவிட்டதா, குகனேஸ்வரி?"

"இன்னும் இல்லை, சிஞ்ஞோரா."

நாக்குத் தடுமாறவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

"அப்படியென்றால் ஒப்பரேசனைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பார்வை இருக்குமோ தெரியாது. இந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்."

ஒப்பரேசன் பிந்தினால் உள்ள பார்வையும் போய்விடும் என்று அவர் மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். சிஞ்ஞோரா மகளை அழைக்கப் போனைத் தடவினார். நான் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"பூக்காது, சிஞ்ஞோரா. தையில் வெட்டிவிட்டோம். தெரியாமல் செய்தது."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"பூக்காதென்று உனக்கு எப்போது தெரியும்?"

"பெப்ரவரியில்."

"ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்டேனே."

சிஞ்ஞோரா பத்திரத்தைத் தடவி எடுத்து, நாலாக மடித்துத் தன் பையில் வைத்தார்.

"ஒப்பரேசனுக்குப் போகிறேன். பார்வை வந்தால், வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன்."

ஒன்பது வருடமாக நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், வாசிக்காமலே கையெழுத்து வைத்தவர் அவர்.