மூன்றாம் மாடி சானிடைசர்

என்னைப் போன்ற குடிகாரன் கையில் ஆல்கஹால் வண்டியைக் கொடுத்துத் தள்ளச் சொன்ன புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்னாள் ராணுவத்தினருக்கான மறுவாழ்வு வேலையாம். ஆஸ்பத்திரிச் சுவர்களில் மாட்டியிருக்கும், ஆல்கஹால் கலந்த சானிடைசர் பெட்டிகளைச் சாவி போட்டுத் திறந்து, காலிப் பையைக் கழற்றிவிட்டுப் புதுப் பையை மாட்ட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தனியாக ஓர் அறை எடுக்கலாம். நாங்கள் தங்கியிருந்த விடுதியில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. நானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கும் ஓர் அறை, அவ்வளவுதான் என் ஆசை.

எங்களுக்கு வேலைப் பயிற்சியாளர் லோமாக்ஸ். அவரும் ராணுவத்தில் இருந்து, குடித்து, விழுந்து எழுந்தவர். ஒன்பது வருடமாகத் தொடவில்லை என்பார்கள். தினமும் காலையில், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை நீட்டி என்னை ஊதச் சொல்வார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான். நான் அவரையும் முழுசாக நம்பவில்லை. ஆப்கானிஸ்தானில் என் வேலை, வண்டிகளுக்கு முன்னால் நடந்து போய், கண்ணிவெடி இருக்கிறதா என்று மண்ணைப் பார்ப்பது. ஒரு கல் இடம் மாறியிருந்தாலும் கத்துவேன். அமெரிக்காவுக்கு, ஒஹாயோவுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, துப்புரவுப் பிரிவின் தலைவி டார்லீன் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா விர்ஜில், மத்த எடத்துல ஒரு வாரம் தாங்குற பை, மூணாவது மாடியில மட்டும் எப்படி அரை நாள்ல காலியாவுது?"

"யாராவது கை கழுவுவாங்க மேடம்."

"அங்க இருக்கிறதே பழைய ஃபைல் ரூமும் லோமாக்ஸ் ஆபீசும்தான். யாரு கழுவுறது, பேயா?"

"நான் தொடல மேடம்."

"நீ தொட்டேன்னு நான் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஆனால் அவள் மூக்கு என் சட்டைப் பக்கமே திரும்பியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை என் வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தில் லோமாக்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் இது யார் வேலை என்று தெரியாவிட்டால், தான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

செய்தி எனக்கு முன்னால் விடுதிக்குப் போய்விட்டது. சாப்பாட்டு மேஜையில், என்னைப் போலவே லோமாக்ஸிடம் தினமும் ஊதும் ஹாலிஸ் காலி டம்ளரை நீட்டினான். "மச்சான், எனக்கும் கொஞ்சம் ஊத்து. எலுமிச்சை வாசனை இருக்கா, சாதாதானா?" எல்லோரும் சிரித்தார்கள். மக்காச்சோள ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் என்னையே சந்தேகப்பட்டேன். குடித்த காலத்தில் நான் செய்ததாக அடுத்தவர்கள் சொன்ன எத்தனையோ காரியங்கள் எனக்கு நினைவில் இல்லை. இதுவும் அப்படியோ? லோமாக்ஸிடம் போய், தினம் மூன்று வேளை ஊதுகிறேன் என்றேன். மூன்று வேளையும் பூஜ்யம். அப்படியும் கழிவறையில் நின்று என் சட்டையை நானே முகர்ந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றாம் மாடியில் புதுப் பை மாட்டினேன். பத்து மணிக்குப் பாதி இல்லை. அப்போதுதான் தரையைப் பார்த்தேன். எந்த சானிடைசர் பெட்டியும் சொட்டும். அதன் கீழே தரையில் மங்கலாகப் புள்ளிகள் இருக்கும். இங்கே தரை பளபளவென்று இருந்தது. அப்படியானால் இங்கே யாரும் கையை நீட்டவில்லை. பெட்டியைத் திறந்து, பையையே கழற்றி ஊற்றிக்கொண்டு, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பூட்டில் ஒரு கீறலும் இல்லை.

சாவி மூன்றுதான். ஒன்று என் கழுத்தில். ஒன்று டார்லீன் கொத்தில். ஆனால் அவள் பல் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டில் கிடந்தபோதும் பை காலியானது. மூன்றாவது லோமாக்ஸ் மேஜை இழுப்பறையில்.

முன்பெல்லாம் தோளில் கை போட்டு ஊதச் சொல்வார் லோமாக்ஸ். மூன்று வாரமாகக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, புதினா மிட்டாயை மென்றபடி எட்டி நின்றார். என் வாடைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அறையில் ஊதினேன். பூஜ்யம்.

"சுத்தம்ப்பா," என்று படிவத்தை இழுத்தார்.

"சார், இப்ப நீங்க ஊதுங்க."

சிரித்தார். "என்னப்பா இது, வெளையாட்டா?"

"பெட்டிக்குக் கீழ ஒரு சொட்டுகூட இல்ல சார். சாவி மூணுதான்."

கருவியை எடுத்தார். வாய்வரை கொண்டுபோகாமலே மேஜையில் வைத்துவிட்டார். பிறகு அவசர அவசரமாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ. நான் குடிக்கிறத வெளிய சொல்லிட்டா இந்தக் கையெழுத்து செல்லாது."

"இது என் வேலைக்கா சார், இல்ல என் வாய மூடவா?"

கருவியை இழுப்பறைக்குள் தள்ளினார். "எனக்கே தெரியலப்பா."

ஆறு மாதத்தில் அவர் சொன்னதில் நான் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தத் தாள் என் அறை, என் தாழ்ப்பாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கதவுவரை போனேன். நாளைக்கு இந்த மனிதர் ஹாலிஸை உட்கார வைத்து ஊதச் சொல்வாரே என்று நினைத்ததும் கால் நகரவில்லை. திரும்பி வந்து தாளை மேஜைமேல் போட்டேன்.

"எழுந்திரிங்க சார். குடி நிறுத்துற வார்டு ரெண்டாவது மாடியில இருக்கு. எனக்கு வழி தெரியும்."

"உன் ஃபாரம்?"

"உங்க நாற்காலிக்கு வேற ஒருத்தர் வருவாரில்ல. அவர்கிட்ட மறுபடியும் முதல்லேருந்து ஊதறேன்."

கைத்தாங்கலாகப் படியில் இறக்கினேன். பக்கத்தில் வந்ததும் வாடை குப்பென்று அடித்தது. எதிரே டார்லீன் ஏறி வந்தாள். நின்று, மூக்கைச் சுளித்து, நேராக என்னைப் பார்த்தாள்.

"கடைசியில நீதானா?"

அவர் உண்மையைச் சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கைப்பிடியைப் பற்றியபடி லோமாக்ஸ் இரண்டு படி இறங்கினார். நின்றார்.

"அவன் இல்ல டார்லீன். நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் காட்டி, அவன் இல்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.