பிளக்கைப் பிடுங்காதீங்க, சிஸ்டர்

மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் டோக்கன் எண்ணைக் காட்டும் திரை, காலை பதினொரு மணி வாக்கில் நின்றுபோவது அதோடு ஒன்பதாவது நாள். நின்றுபோவது என்றால் அணைந்துபோவது இல்லை. அணைந்து தொலைத்திருந்தால், அதைச் சரிசெய்ய வேண்டிய அவளுக்குப் பாதி வேலை மிச்சம். திரை பளிச்சென்று எரியும், நாற்பத்தேழு என்று காட்டும், காட்டிக்கொண்டே இருக்கும். நாற்பத்தேழாம் எண்காரர் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, வீடு போய்ச் சேர்ந்து ஒரு தூக்கமும் போட்டிருப்பார். இங்கே இன்னும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இயந்திரத்தைச் செய்து விற்றது அவளுடைய அக்கா புருஷன் நடத்தும் சின்ன நிறுவனம். அதில் கெர்னலுக்கு அவள்தான் பொறுப்பு. கெர்னல் என்பது எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற மென்பொருள். அந்த நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். இடம் பற்றாமல் போனால், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களைக் கெர்னல் பார்த்துப் பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பிடுங்கல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதே பல வருஷமாக அவள் பிழைப்பு. எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்தால் பக்கம், பக்கம் என்றே பேசியதால் அலுவலகத்தில் அவளுக்குப் பக்கம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னதாம்மா பிரச்சனை? ஒரு வார்த்தையில சொல்லு, ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார் அத்தான் போனில். காலையிலிருந்து அது நான்காவது அழைப்பு.

"தெரியல அத்தான். தெரிஞ்சா ஒரு வார்த்தையில சொல்லுவேன்."

"கெர்னல்ல ஏதாவது கோளாறா?"

"தெரியலன்னு சொன்னேன்ல."

"அப்ப கெர்னல்தான் போலிருக்கு" என்று அவரே முடிவு கட்டி வைத்துவிட்டார்.

திரையின் வலது பாதியில், காத்திருப்பவர்களுக்காகப் படங்கள் ஓடும். கை கழுவுவது எப்படி, இருமும்போது வாயை எப்படி மூடுவது என்று கார்ட்டூன் பொம்மைகள் சொல்லிக் காட்டும். அந்த நிரலை எழுதியது அவளுடைய தம்பி. அவனையும் கேட்டுப் பார்த்தாள். "என்னுது குட்டி ப்ரோகிராம் சின்னக்கா. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றான், தன் நாய்க்குட்டிக்குச் சாட்சி சொல்வது போல.

அலுவலகத்தில் அதே இயந்திரத்தை மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தாள். சமர்த்தாக ஓடியது. வேறு வழியில்லாமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கே வந்து, பதிவு மேசைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அங்கே இயந்திரத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இரும்புக் குரல், நடந்தால் செருப்புச் சத்தத்திலேயே கூடம் பாதி அடங்கும். திரை நின்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. குனிவார், பிளக்கைப் பிடுங்குவார், பத்து எண்ணுவார், திரும்பச் செருகுவார். ஐந்தே நிமிஷத்தில் திரை ஓடத் தொடங்கி, மத்தியானம் கூடம் மூடும் வரை தாங்கிவிடும். அவர் வரையில் கதை முடிந்தது.

அவளுக்கோ அத்தோடு எல்லாம் போயிற்று. இயந்திரம் திணறுகிற அந்த நேரத்தில் நினைவகத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த நினைவகம்தான். மின்சாரம் போனால் அதுவும் துடைத்தாற்போல் போய்விடும். முதல் நாள் அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாமே!"

"நின்னுச்சு, ஓட வெச்சேன். இதுக்கு நன்றி சொல்லணும்மா நீ."

இரண்டாம் நாள் அவள் கழிப்பறைக்கே போகவில்லை. திரை திணறத் தொடங்கியதும் நிலவரத்தை நொடிக்கு ஒருமுறை குறித்து, ஒரு கம்பி வழியாகத் தன் மடிக்கணினிக்கு அனுப்பும்படி சின்னதாக ஒரு கண்காணிப்பு நிரலை எழுதி வைத்திருந்தாள். சரியாகப் பதினொன்று ஐந்துக்குத் திரை நின்றது. கூடவே அவளுடைய கண்காணிப்பு நிரலும் நின்றது! காவலுக்கு வைத்த ஆளும் சேர்ந்து மயங்கி விழுந்தால் யாரிடம் போய் அழுவது? அவள் விசைப்பலகையைத் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தபோது காலடியில் ஒரு கை நீண்டது.

"சிஸ்டர், வேணாம்! வேணாம்!"

பிளக் வந்துவிட்டது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் முக்காலியை எட்டி உதைக்கலாமா என்று இருந்தது. உதைக்கவில்லை. கால்தான் வலிக்கும்.

ஆனால் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஒன்று உறைத்தது. கண்காணிப்பு நிரலும் நினைவகத்தில் இருக்கிற நிரல்தானே? இடம் பற்றாத கெர்னல், காவல்காரனுடைய பக்கங்களையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தால் அவன் மயங்காமல் என்ன செய்வான்? மறுநாள் காலை முதல் வேலையாக, அந்த நிரலின் பக்கங்களை மட்டும் யாரும் தொட முடியாதபடி நினைவகத்தில் பூட்டிவைத்தாள். இனி பிளக்கைத்தான் காப்பாற்ற வேண்டும்.

பதினொன்று பத்துக்குத் திரை முப்பத்தொன்பதில் நின்றது. செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் எழுந்து, பிளக்குக்கும் நர்ஸுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"தள்ளும்மா."

"சிஸ்டர், பிளக்கைப் பிடுங்காதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"வெளியே நூத்தம்பது பேர் என் உயிரைப் பிடுங்குறாங்க. நீ பிளக்கைப் பிடுங்காதேங்கிற?"

"நீங்க தினம் பிடுங்குறதாலதான் தினம் நிக்குது. என்ன கோளாறுன்னு பாக்கவே விட மாட்டேங்கிறீங்களே! பத்து நிமிஷம் குடுங்க. பத்தே நிமிஷம்."

"பத்து நிமிஷத்துக்கு அந்த ஜனங்களை யார் சமாளிக்கிறது? உங்க அத்தானா?"

அத்தான் பேரை எடுத்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, "அவர் வந்தா இன்னும் அரை மணி நேரம் ஆகும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள். தினமும் இரண்டு தடவை அவரோடு போனில் பேசுகிறவர்தான் நர்ஸும். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து ஓடிப்போயிற்று. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம். பதினொண்ணாவது நிமிஷம் உன்னையும் சேத்துப் பிடுங்கிருவேன்."

சொல்லிவிட்டு மேசைக்கு முன்னால் போய் நின்று, "நாப்பது! நாப்பது யாரு? எந்திரிச்சு வாங்க. நாப்பத்தொண்ணு, நீங்க கதவுகிட்ட வந்து நில்லுங்க. மத்தவங்க உக்காருங்க, திரையைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். கூடம் கப்சிப்பென்று அடங்கியது.

அவள் மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். கண்காணிப்பு நிரல் இந்தத் தடவை விழித்திருந்தது. எண்கள் வரிசை வரிசையாக ஓடின. அவற்றைப் பார்த்தவுடன் அவள் அறியாமலே, "அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன்னையோ என்று திடுக்கிட்டார்.

நினைவகத்தில் முக்கால்வாசியைத் தம்பியின் குட்டி ப்ரோகிராம் விழுங்கியிருந்தது. காட்டி முடித்த படம் ஒன்றைக்கூட அது விடவில்லை. காலையிலிருந்து காட்டிய அத்தனை கை கழுவலையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலுவலகத்தில் மூன்றே படங்களை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டியதால் இது தெரியவில்லை. இங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்தப் பக்கங்களைக் கெர்னலால் பிடுங்க முடியாது. ஏனென்றால் அவற்றுக்கு வேறெங்கும் நகல் இல்லை, தூக்கி வைக்க இடமும் இல்லை. நகல் இருக்கிற பக்கங்கள் எவை? டோக்கன் நிரலின் சொந்தக் கட்டளைகள். அவை சேமிப்பு அட்டையில் பத்திரமாக இருக்கின்றன. எனவே கெர்னல் அவற்றை வெளியே வீசியது. அடுத்த கணமே டோக்கன் நிரலுக்கு அவை வேண்டும். அட்டையிலிருந்து மெதுவாகப் படித்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து வைத்ததும் மறுபடி வீச்சு. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இதே கூத்து.

இதில் கொடுமை என்னவென்றால், கெர்னலைப் பொறுத்தவரை எல்லாம் சுமுகம். கேட்டபோதெல்லாம் பக்கம் கிடைக்கிறது அல்லவா? பக்கமே கிடைக்கவில்லை என்றால்தான் அது நினைவகம் தீர்ந்தது என்று அறிவித்து, பெருத்துப்போன நிரலைக் கொல்லும். கிடைத்துக்கொண்டே இருந்ததால் கொல்லவும் இல்லை, ஓடவும் விடவில்லை.

ஒன்பது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, "இப்ப பிடுங்குங்க சிஸ்டர்" என்றாள். நர்ஸ் ஐம்பத்து நான்கு வரை கூப்பிட்டு முடித்திருந்தார்.

மறுநாளே சரிசெய்தாள். படம் காட்டும் நிரலுக்கு நினைவகத்தில் ஒரு எல்லை போட்டாள்; அதைத் தாண்டினால் அதை மட்டும் கொன்று புதிதாகத் தொடங்க வேண்டும். டோக்கன் நிரலின் பக்கங்களில் ஒரு பங்கை எந்த நெருக்கடியிலும் பிடுங்கக் கூடாது. பதினொரு மணி வந்தது, பன்னிரண்டும் வந்தது, எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொம்மை சோப்பும் கையுமாக மறையும். சில நொடியில் முதலிலிருந்து கழுவத் தொடங்கும். கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் கவனித்தார்கள். அன்று சாயங்காலமே அக்காவிடமிருந்து போன்.

"ஏன்டி, தம்பியோட ப்ரோகிராமைக் கொன்னுட்டியாமே?"

"அக்கா, அது தானா சாகுது. எல்லை தாண்டினா சாகும்."

"அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வீட்டுக்குள்ளயே பேசித் தீத்திருக்கக் கூடாதா?"

"கேட்டேன்க்கா. குட்டி ப்ரோகிராம்னான்."

"குட்டிதானே, விட்டுக் குடுத்துப் போகலாம்ல?"

எங்கிருந்து தொடங்கி எதை விளக்குவது? "சரிக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

தம்பி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய், நோயாளிகளோடு நோயாளியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் பொம்மை பாதிக் கழுவலில் காணாமல் போவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். அங்கேயே மடிக்கணினியைத் திறந்தான். காட்டிய படத்தை விடுவிக்கும் ஒரு வரியை, எப்போதோ சோதனைக்காக நிறுத்தி வைத்தவன் திரும்பச் சேர்க்க மறந்திருந்தான். சேர்த்தான். ஒரு மணி நேர வேலை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அத்தான் எழுந்து நின்று சொன்னார்: "ஆஸ்பத்திரிப் பிரச்சனையைத் தம்பி ஒரே மணி நேரத்துல முடிச்சுட்டான். எல்லாரும் கை தட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். தம்பிக்குக் காது சிவந்துபோயிற்று. "சின்னக்காதான் கண்டுபிடிச்சா..." என்று ஏதோ முனகினான், கைதட்டலில் கேட்கவில்லை. அவள் தட்டவில்லை.

"அத்தான், நாளைக்கு இன்னொருத்தர் ப்ரோகிராம் இதே மாதிரி வீங்கும். அப்பவும் மெஷின் நிக்காம இருக்கணும்னா நான் போட்ட எல்லை நாம வித்த எல்லா மெஷின்லயும் இருக்கணும். மொத்தம் அறுபத்து ரெண்டு."

"இப்பதான் சரியாயிடுச்சேம்மா?"

"சரியாகல. ஒரு வீக்கம் வத்தியிருக்கு, அவ்வளவுதான்."

அத்தான் நெற்றியைத் தடவினார். "சரி, உன் திருப்திக்குப் போட்டுக்கோ பக்கம்மா" என்றார். அவள் திருப்திக்காம்! பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த ஒரு வாரத்தில், தினம் பத்துப் பன்னிரண்டாக அறுபத்திரண்டுக்கும் போட்டு முடித்தாள்.

மாதம் ஒன்று கழிந்தது. வேறொரு ஊரில், ஒரு நூலகத்தின் வாசலில் இருந்த இயந்திரம் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்த பதிவேட்டை ஒரு மத்தியானம் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. முந்தின நாள் காலை பத்து இருபதுக்குச் சீட்டு அச்சிடும் நிரல் வீங்கியிருக்கிறது, எல்லையைத் தாண்டியிருக்கிறது, கெர்னல் அதை மட்டும் கொன்று, இரண்டு நொடியில் திரும்பத் தொடங்க வைத்திருக்கிறது. தம்பி எழுதிய நிரல் அல்ல அது. நூலகத்திலிருந்து போன் வரவில்லை. அத்தானிடமிருந்தும் வரவில்லை. அப்படி ஒன்று நடந்ததே உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவையும் படித்தாள். அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி, குரல் குளுகுளுன்னு இருக்கு? ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணும் நடக்கலக்கா."

"ஒண்ணும் நடக்கலன்னா எதுக்குடி இவ்வளவு சந்தோஷம்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். பக்கம் என்று தொடங்கியதும் மறுமுனையில் அக்கா பெருமூச்சு விடுவது கேட்டது. இருந்தாலும் விடவில்லை, நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.