ரிம் கட்சியும் டிஸ்க் கட்சியும்

அத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்த மூன்றாம் நாள், அவருடைய சைக்கிள் குழு வெளி வராந்தாவில் தன் வழக்கமான வாக்குவாதத்தைக் குறைவில்லாமல் நடத்திக்கொண்டிருந்தது.

"ரிம் பிரேக்கா இருந்திருந்தா மனுஷன் இந்நேரம் வீட்ல பேப்பர் படிச்சிட்டிருப்பாரு," என்றார் கணக்கு வாத்தியார். சக்கரத்தின் விளிம்பை ரப்பர் கட்டையால் பிடிக்கும் பழைய கட்சி அவர்.

"மழையில உங்க ரப்பர் என்னத்த சார் பிடிக்கும்? சளி பிடிக்கும்," என்றார் பல் டாக்டர். சக்கர நடுவில் தட்டு வைத்த டிஸ்க் கட்சி. அத்தானை அதை வாங்க வைத்தவரும் அவரே.

அக்கா அத்தானின் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

இறக்கத்தில் பின்பிரேக் பிடிக்காமல், அத்தான் முன்பிரேக்கை ஒரேயடியாக அழுத்தித் தலைகுப்புற விழுந்ததற்கு பிரேக் மாட்டிய மெக்கானிக்தான் காரணம்: இரு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அந்த மெக்கானிக்கே வந்து நின்றார். கழற்றிக் கொண்டுவந்திருந்த, தட்டைக் கவ்வும் பிரேக் பேடை முகர்ந்துவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

"எண்ணெய் குடிச்சிருக்கும்மா. நான் மாட்டினப்ப சுத்தமா இருந்துச்சு. புள்ளைங்க மேல சத்தியமா."

"அதைப் போலீஸ்ல வந்து சொல்லுங்க," என்றார் வாத்தியார். "எழுதிக் குடுக்கத்தான் போறோம்."

அத்தான் விழுந்ததற்கு முந்தின நாள் செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தது நான். என்னுடைய ரிம் சைக்கிளுக்கு வருஷக்கணக்காக அப்படித்தான் அடிக்கிறேன். பக்கத்தில் ஒரு பிரேக் தட்டு இருப்பதும், எண்ணெய் பட்டால் அது பிடிக்காது என்பதும் உறைக்கவே இல்லை. "பளபளன்னு ஆக்கிட்ட மச்சான்," என்று அத்தான் முதுகில் தட்டினார்.

"செயினுக்கு நான்தான் எண்ணெய் அடிச்சேன்," என்றேன்.

"பாத்தீங்களா!" வாத்தியார் துள்ளினார். "ரிம்மா இருந்தா துணியால ஒரு இழுப்பு. முடிஞ்சது."

"அது பராமரிப்புத் தப்பு சார். டிஸ்க் மேல பழி போடாதீங்க."

என் வாக்குமூலம் இரு கட்சிக்கும் சாதகமாகவே அமைந்தது. மெக்கானிக் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ அடிச்ச எண்ணெயாலதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மணி நாலாகுது. ஒருத்தரைத்தான் உள்ள விடுவாங்க." பாஸை என் கையில் திணித்தாள். "நீ போய்ச் சொல்லு."

"கண்ணே திறக்கலையேக்கா."

"காது திறந்துதான இருக்கு. போ."

போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.