தங்க முள் பேனாவும் மைத்துனனின் பற்களும்

பல் டாக்டர் ஆசை ஆசையாக வாங்கிய மைப்பேனா ஒரே வாரத்தில் மக்கர் பண்ணியது. அதன் தங்க முள்ளை மனைவிகூடத் தொடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர், வேறொருவரிடம் பழுது பார்க்கக் கொடுப்பாரா?

"பல்லையே சரி பண்றேன், இது என்ன பெரிய விஷயம்!" என்றார்.

அன்று அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவன். சொத்தைப் பல்லை அடைத்து முடித்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் பொறுமை இழந்து, பல்லுக்குக் காற்றடிக்கும் குழாயைப் பேனாவின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினார். அடைப்பு விட்டது. மொத்த மையும் பீய்ச்சிக்கொண்டு போய் மைத்துனனின் வாயில் விழுந்தது.

"வந்துடுச்சு மாப்ள! எப்படி வருது பாத்தியா!"

மைத்துனன் எழுந்து கண்ணாடியைப் பார்த்தான். முன்பற்கள் அத்தனையும் நீலம்.

"மாமா! சாயங்காலம் நான் செய்தி வாசிக்கணும்!"

டாக்டர் தேய்த்தார், சுரண்டினார், மெருகேற்றினார். நீலம் அசையவே இல்லை.

"அழியாத மைன்னுதான் கடைக்காரன் சொன்னான். பொய் சொல்லல, பாரேன்!" என்றார், பெருமை தாங்காமல்.

அன்று மாலை மைத்துனன் உதடு பிரியாமல் உலகச் செய்திகளை முணுமுணுத்தான். அக்கா தொலைக்காட்சி முன்னால் உருகிப்போனாள்.

"என் தம்பி இன்னைக்கு எவ்வளவு அடக்கமா வாசிக்கிறான், பாத்தீங்களா?"

டாக்டர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ரொம்ப அடக்கம்" என்றார்.