கவாத்து மாதத்தில் எடுத்த படம்

பதினோரு சில்வர் ஓக் மரங்களை அறுக்கச் சம்மதம் கேட்டு எஸ்டேட் ஆபீஸில் நீட்டிய தாளில், அவற்றுக்கு “சிக்னலுக்கு இடையூறு” என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணாயி அதை இரண்டு தடவை படித்தாள். இருபது வருஷமாக மிளகுக்கொடியைச் சுமக்கும் மரங்கள் திடீரென்று இடையூறாகிவிட்டனவாம்!

மலைமேல் குண்டூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இருந்த எஸ்டேட் கம்பெனி, தன் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் கம்பியில்லாத நெட்வொர்க் போட்டிருந்தது. ஆபீஸ் மாடிக் கம்பத்திலிருந்து எதிர்மேட்டுக் குடோனுக்கு அலை நேர்கோட்டில் போக வேண்டும். அந்தக் கோடு கண்ணாயியின் மிளகுக் காட்டுக்கு மேலே போனது. சித்திரையில் நன்றாக ஓடிய நெட்வொர்க் ஆவணி மழையில் படுத்துவிட்டது.

“வேணும்னே மரத்தை வளர விட்டிருக்கீங்க” என்றார் மேனேஜர் அண்ணாமலை. “கையெழுத்துப் போடலைன்னா, எஸ்டேட் ரோட்டுல உங்க மிளகு லாரி வராது.”

மலையை விட்டு மிளகு இறங்க அவளுக்கு வேறு ரோடு கிடையாது. மிரட்டலைக்கூட இந்த மனிதர் டீ குடித்துக்கொண்டே சொல்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“ஏனுங்க, மரத்தைப் புடிச்சு இழுத்தா வளக்க முடியும்? மரம் போனா கொடியும் செத்துப்போகுமுங்க.”

“சர்வே ரிப்போர்ட்ல நடுவுல மறைப்பே இல்லைன்னு இருக்கும்மா.”

ரிப்போர்ட்டை எழுதிய இன்ஜினியர் மணிவண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். சித்திரையில் நாமக்கல்லிலிருந்து ஒரே ஒரு நாள் வந்து அளந்துவிட்டுப் போனவர். கண்ணாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு எம் மரத்தையெல்லாம் படம் எடுத்தீங்களே, அதைக் காட்டுங்க.”

அவர் தயங்கித் தயங்கி லேப்டாப்பைத் திறந்தார். படத்தில் பதினோரு மரமும் மொட்டைக் கம்பங்களாக நின்றன. அடியில் வெட்டிப்போட்ட கிளைகள் குவிந்து கிடந்தன. கொடிக்கு வெயில் படட்டும் என்று மழைக்கு முன்னால் வருஷா வருஷம் செய்கிற கவாத்து. நாலே மாதத்தில் கிளை திரும்ப அடர்ந்துவிடும். மலையில் மிளகு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படத்தின் ஓரத்தில் கண்ணாயி நின்றாள். ஒரு கையில் அரிவாள். மறு கையை எட்டும் மட்டும் தூக்கியிருந்தாள். வாய் திறந்திருந்தது.

“டாட்டா காட்டுறீங்கன்னு நெனச்சேங்க்கா” என்றார் மணிவண்ணன், தலை நிமிராமல்.

“டாட்டாவா! மழை பேஞ்சா மரம் இன்னும் இவ்வளவு ஒசரம் தழையும், கம்பத்தை ஒசத்திப் போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் படம் புடிச்சீங்க!”

அண்ணாமலை படத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“கம்பத்தை எத்தனை அடி ஒசத்தணும்?” என்று கடைசியில் கேட்டார், மணிவண்ணனிடம்.

மணிவண்ணன் கண்ணாயியைப் பார்த்தார்.

கண்ணாயி தாளை நாலாகக் கிழித்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இருபது அடி. இந்தத் தடவையாச்சும் எழுதிக்குங்க.”