வீடு பார்க்க வந்தவர்கள்

வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலை மிதிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் அன்றைக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலைந்து ஆரஞ்சும் வாங்கிக்கொண்டேன். வீட்டு ஏஜென்ட் தேவன் பையைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நாம விருந்துக்கா போறோம்? வீடு பார்க்கத்தானே லா."

இத்தனை மாதமாக அவன் காட்டிய வீடுகளில் ஒன்று ஒழுகியது, இன்னொன்றின் அடுப்படிக்குப் பின்னாலேயே பெரிய சாக்கடை ஓடியது. சிரிக்கிறானாம் சிரிப்பு.

எங்களுக்கோ நேரமில்லை. குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். தைப்பூசத்துக்குள் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு வேறு வீடு கேட்டால், போனில் என் பெயரைச் சொல்லி இந்தியர் என்று தெரிந்ததுமே "போயிருச்சு" என்று வைத்துவிடுகிறார்கள். வாங்கினால்தான் உண்டு. பேங்க் கடன் மகன் ஷர்வின் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் அவனும் வந்தான். போன மாதம்தான் அவனுக்கு நிச்சயம் செய்தோம். சொந்த வீட்டில் மருமகளை அழைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. பாதி வழியில்தான் தேவன் விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, ஓனரு கோலாலம்பூர்ல இருக்காரு. வீட்டுல அவரு தங்கச்சியும் அதோட மகளும் இருக்காங்க. விக்கிற விஷயம் அவங்களுக்குத் தெரியாது. சைன் வச்சதுக்கு அப்புறம் அவரே பேசிக்கிறாராம். நாம சும்மா அவரு ஃபிரெண்டுன்னு சொல்லி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

"கூடப் பொறந்தவகிட்ட சொல்லாமயா?" என்றேன்.

"குடும்ப விஷயம் அக்கா. நமக்கு எதுக்கு?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வம்பு என்றால் அவருக்குக் கழுத்து தானாகவே திரும்பிவிடும்.

நாங்கள் மணி அடிப்பதற்குள் கேட் திறந்தது. பட்டுப்புடவை, தலையில் பூ இல்லை, முகம் நிறையச் சிரிப்பு. அவள்தான் தங்கச்சி, கலாதேவி.

"வாங்க அக்கா, வாங்க அண்ணே. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க, பரவால்ல. உள்ள வாங்க."

பழப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தேவன் 'ஃபிரெண்டு' கதையை ஆரம்பிக்க வாயைத் திறந்தான். அதற்குள் எங்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கேசரியும் வடையும் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். பிறகு என் மகனை ஆசையாகப் பார்த்தாள்.

"போட்டோல தாடி இருந்துச்சே, எடுத்துட்டீங்களா தம்பி? இதான் நல்லா இருக்கு."

ஷர்வின் மோவாயைத் தடவினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா, அம்மா, கல்யாண வயதில் பையன், கூட ஒரு தரகன், கையில் பழம். உள்ளேயிருந்து தேநீர்த் தட்டோடு ஒரு பெண் தலைகுனிந்து வந்தாள். மகள் தினேஸ்வரி. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களாக எங்களை நினைத்துவிட்டார்கள்.

சொல்லித் தொலை என்று தேவனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். இவரோ பாதிக் கேசரியை விழுங்கிவிட்டார். நானே சொல்லியிருக்கலாம்தான். பெண் பார்க்க வரவில்லை என்றால் வேறு எதற்கு வந்தீர்கள் என்பாளே, அதற்கு என்ன சொல்வது?

"வீட்டைச் சுத்திப் பாருங்க அக்கா," என்று கலாதேவி என் கையைப் பிடித்து எழுப்பினாள். "அவ அப்பா போனதிலேர்ந்து இங்கதான் இருக்கோம். இது தினேஸுக்குத்தான். எங்க அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு. மாப்பிள்ளை இங்கயே வந்து இருந்துக்கலாம்."

தேவன் ஒரு நாளும் அப்படி வீடு காட்டியதில்லை. குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைக் காட்டினாள். பின்கட்டில் தானே நின்று பதிக்க வைத்த டைல்ஸைக் காட்டினாள். சாமி அறை கிழக்குப் பார்த்திருந்தது. என் கண் அவிந்து போக, ஃப்ரிட்ஜை எங்கே வைக்கலாம் என்று அதற்குள் அளந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் ஹாலுக்குத் திரும்பியபோது தினேஸ்வரி உள்ளே போயிருந்தாள். அப்போதுதான் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கலாதேவி கிரில் வழியாகப் பார்த்தாள். காரிலிருந்து ஒரு பையன் இறங்கினான். தாடி வைத்திருந்தான்.

அவள் என் மகனைப் பார்த்தாள், பிறகு என்னை. "அப்ப நீங்க யாரு?"

ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"வீடு பார்க்க வந்தோம்மா," என்றேன்.

"யாரு வீட்ட?"

அவளுடைய கண் தேவனுக்கும் அவன் கையிலிருந்த ஃபைலுக்கும் போனது. "அண்ணனா அனுப்பிச்சாரு?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அவங்க போற வரைக்கும் ஒன்னும் சொல்லிடாதீங்க. புள்ளைக்கும் தெரிய வேணாம். எங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் நாங்கள் பெண் வீட்டாரானோம். வந்தவர்கள் தெலுக் இந்தான் ஊர்க்காரர்கள். பையனின் அம்மா கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியாகப் பெண்ணைப் பார்த்தாள். கலாதேவி என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை அவளிடமும் சொன்னாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. இந்த வீடு தினேஸுக்குத்தான், அண்ணன் வாக்குக் குடுத்திருக்காரு.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பொண்ணுக்குப் பெரியம்மாவா? வீடு பொண்ணுக்குத்தானே?"

கலாதேவி கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றேன். "பொண்ணுக்குத்தான்."

மாப்பிள்ளை வீட்டார் போனபின் நாங்கள் கிளம்பும்போது கலாதேவி கேட் வரைக்கும் வந்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு டப்பாவில் கேசரி போட்டு என் கையில் வைத்தாள். வீட்டை வாங்கப் போகிறீர்களா என்று கேட்கவில்லை.

கார் மெயின் ரோட்டுக்கு வந்ததும் தேவனுக்கு நாக்கு திரும்பி வந்தது.

"வீடு புடிச்சிருக்கா அக்கா? நாளைக்குள்ள ஓனருக்குச் சொல்லணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை வேற பார்ட்டிக்குக் காட்டச் சொல்லிட்டாரு."

எனக்கு வீடு பிடித்திருந்தது. அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. நாங்கள் வேண்டாம் என்றாலும் அது அவளுக்கு மிஞ்சப் போவதில்லை. நாங்களும் தைப்பூசத்துக்குள் எங்கேயாவது போயாக வேண்டும்.

"சொல்லு மங்களம்," என்றார் இவர்.

மடியில் டப்பா இன்னும் சூடாக இருந்தது. வேண்டும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.