டவர் இல்லாத மலை

பன்னிரண்டு விசைத்தறிகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த பட்டறையின் வாசலில் கௌதமன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். தோள்பையில் நோட்டு இருந்தது. குமாரபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கியவன் நேராக இங்கே வந்திருக்கலாம். ஆனால் பவானிப் பாலத்தின் நடுவரை நடந்துபோய், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்காய் மடித்துக் காவிரியில் போட்டுவிட்டுத்தான் வந்தான். "அந்த மலைக் கணக்கெல்லாம் எழுதுன நோட்டு இருக்குதாமே, அதைக் கொஞ்சம் கொண்டாங்க சாமி" என்று பூபதியின் அப்பா அர்த்தநாரி நேற்றுப் போனில் கேட்டிருந்தார். பூபதி செத்து இருபத்திமூன்று நாள் ஆகியிருந்தது.

கௌதமனுக்கும் பூபதிக்கும் திருச்செங்கோட்டில் குரூப் ஃபோர் மாலை வகுப்பில்தான் பழக்கம். கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க எந்த மலை தோது என்று பேச்சு வந்தபோது, கௌதமன் தன் வழக்கப்படி கோடு போட்டுக் கட்டம் கட்டினான். ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, பாலமலை. தண்ணீர், பாதை, கூட்டம், விலங்கு, டவர். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மூன்று வாரம் விசாரித்து எழுதினான். எழுதியதைச் சந்தேகப்பட்டு அழித்து மறுபடி எழுதினான். கூட்டிப் பார்த்தால் ஏற்காடுதான் முதலில் வந்தது. பாலமலையில் டவர் கிடைக்காது என்று அதற்குச் சுழியம் போட்டிருந்தான்.

பூபதி பேனாவைப் பிடுங்கினான். "லூசாடா நீ? டவர் இல்லீனாத்தான்டா அது மலை. தறிச்சத்தத்துலயே பொறந்து வளந்தவன்டா நான். ரெண்டு நாளாச்சும் ஒரு சத்தமுமில்லாமக் கெடக்கோணும்." சுழியத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் 10 என்று எழுதினான். கல்லில் செதுக்குவதுபோல் அழுத்தி எழுதுகிறவன் அவன். அந்தப் பத்தில் பாலமலை முந்திவிட்டது. வேண்டாம் என்று கௌதமன் சொல்லியிருக்கலாம். மாறாக, கூட்டல் சரிதானா என்று இரண்டு முறை பார்த்து, அடியில் கோடு போட்டான்.

இரண்டாம் நாள் காலை சுனைக்குத் தண்ணீர் மொள்ளப் போன பூபதியை நல்ல பாம்பு தீண்டியது. கௌதமன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஏறினான். பிறகு கூட வந்திருந்த வகுப்பு நண்பர்கள் இருவரோடு சேர்ந்து போர்வையில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஜீப் நிற்கும் இடத்துக்கு இரண்டரை மணி நேரம். பாதி வழியிலேயே பூபதிக்கு இமை தொங்கிவிட்டது. டவர் கிடைத்தபோது யாரை அழைத்தும் பயனில்லாமல் இருந்தது.

பட்டறையின் கடைசித் தறியிலிருந்து பூபதியின் அம்மா சௌந்திரம் இவனைப் பார்த்துவிட்டு, கணவரை நோக்கி வாயசைத்தார். சத்தமே வரவில்லை. அர்த்தநாரி தலையாட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உக்காருங்க சாமி" என்று காதருகே கத்தினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஓரிடத்தில் அவருடைய கட்டைவிரல் தையலோரமாக மேலும் கீழும் போய் வந்தது. விட்டுப்போன இழையைத் தேடுகிற விரல்.

"இங்கொரு தாளு இல்லீங்களே."

இந்த இரைச்சலில் சொன்னால் சொன்னதாகவும் இருக்கும், அவர் காதில் விழாததாகவும் இருக்கும் என்று கௌதமனுக்குத் தோன்றியது. தன் காதுக்கே எட்டாத குரலில் சொன்னான். "நான்தானுங்க கிழிச்சேன். ஏற்காட்டுக்குப் போயிருந்தா வண்டி வந்திருக்கும். டவரில்லாத மலைக்குப் பத்து மார்க் போட உட்டது நான்தானுங்க."

அர்த்தநாரி அவன் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இந்தச் சத்தத்துக்குள் மனைவியோடும் மகனோடும் உதட்டைப் பார்த்தே பேசி வாழ்ந்த மனிதர் என்பது அப்போதுதான் கௌதமனுக்கு உறைத்தது. முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அவர் குனிந்தார். "போட உட்டீங்கன்னா, மார்க்குப் போட்டது அவனா? அந்தத் தாள்ல அவன் எழுத்து இருந்துச்சுங்களா?"

கௌதமன் ஆமென்று தலையசைத்தான்.

"பள்ளிக்கோடத்து நோட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுட்டமுங்க. அப்பறம் எல்லாம் போன்லயேதான். ஒரு எழுத்தாச்சும் இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்கன்னு அவங்கம்மா தெனமும் கேக்கறா." அவர் கையை நீட்டினார். "அந்தத் தாளு எங்கீங்க சாமி?"

"ஆத்துல போட்டுட்டனுங்க."

நீட்டிய கை அப்படியே இருந்தது. கடைசித் தறியருகே சௌந்திரம் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடாமல் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தறி மட்டும் நின்றிருந்தது.

அர்த்தநாரி நோட்டைத் தூக்கி, கிழிந்த தாளுக்கு அடுத்த வெற்றுத் தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் மேலிருந்து கீழாக, வரி வரியாகத் தடவினார். கௌதமன் மனதுக்குள் கட்டங்களை எண்ணினான். தண்ணீர், பாதை, கூட்டம், விலங்கு. நாலாவது வரியின், பாலமலை வரியின், கடைசியில் பேனா அழுந்திய பள்ளத்தில் விரல் நின்றது. திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி நின்றது.

அவர் உதடுகள் அசைந்தன. அங்கிருந்தே சௌந்திரம் அதைப் படித்துவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பதினோரு தறிகள் ஓடின. என்ன சொன்னார் என்று கௌதமனுக்குப் படிக்கத் தெரியவில்லை.